மாப்பிள்ளையாகிப்போன பொம்மை

போன கிழமை என் பேத்தி நகத்துச் சாயத்தை அழிக்கிற சின்னப் போத்தல் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு விறாந்தையில் இருந்தாள். ஒரு கையால் பஞ்சைத் தோய்த்து நகத்தைத் துடைக்கிறாள், கண் மட்டும் கைப்பேசியில். எட்டிப் பார்த்தால் அதற்குள் ஒரு பொம்மை கத்தியோடு படியிறங்கி வருகிறது. யாரோ ஒரு வெள்ளைக்காரி வீரிட்டுக் குளறுகிறாள். இவள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "உதுக்கும் பயப்பிடுற ஆக்கள் இருக்கினமோ, அப்பப்பா?" என்று என்னைக் கேட்டாள்.

எனக்கு அந்தப் போத்தலின் மணம் மூக்கில் ஏறிவிட்டது. படச்சுருள் அறுந்தால் ஒட்டுகிற பசைக்கும் அச்சொட்டாக இதே மணந்தான். கனகராயன்குளத்தில் என் வீட்டு விறாந்தையில் இருந்தவன், ஒரு மூச்சில் அறுபதுகளுக்குப் போய் ஒரு படக் கூடாரத்துக்குள் விழுந்தேன். இந்த வயதில் மனிதனுக்கு மூக்கு மட்டும் நன்றாக வேலை செய்வது ஒரு தண்டனை.

எனக்கு அப்போது மீசை அரும்பி முடிந்திருந்தது, வேலை மட்டும் அரும்பவில்லை. அரசாங்க உத்தியோகம் கிடைக்கும் என்று வீட்டில் காத்திருந்தார்கள். நான் ஊர் ஊராகப் போய்ப் படம் காட்டுகிற ஒரு முதலாளியிடம் சேர்ந்துகொண்டேன். ஒரு பழைய லொறி, ஒரு கூடாரம், ஒரு வெள்ளைத் திரை, ஒரு படமெஷின், அதற்கு மின்சாரம் தருகிற ஓர் எஞ்சின். அந்த எஞ்சின் படத்திலே வருகிற வசனத்தைவிடச் சத்தமாகப் பேசும். என் வேலை ஒலிபெருக்கியில் படத்தின் பெருமையைச் சொல்லிக்கொண்டு லொறியில் ஊர் சுற்றுவது. என் குரல் நல்ல குரல் என்று நானே முடிவு செய்து வைத்திருந்தேன். மாடுகள் மட்டும் வேறு அபிப்பிராயம் வைத்திருந்தன. லொறியைக் கண்டால் வேலியை முறித்துக்கொண்டு ஓடும்.

மெஷின் ஓட்டுகிறவர் ஹனிபா. அண்ணன் முறையில் நானா என்போம். முல்லைத்தீவுக்காரர். மெல்லிய மனிதர், பேச்சும் மெல்லிசுதான். சுருள் அறுந்தால் சனம் விசிலடிக்கும், திரையைப் பார்த்து மண் எறியும். அவர் ஒருவர்தான் பதறாமல் இரண்டு துண்டையும் சுரண்டி, பசையைத் தடவி, பெருவிரலால் அழுத்திக்கொண்டு, குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிறவரைப்போல நிற்பார். அந்தப் பசை மணம் அவருடைய சோற்றுக் கோப்பையில்கூட இருந்தது.

பெரிய நடிகர்களின் படத்தை எங்கள் முதலாளியால் கனவில்தான் எடுக்க முடியும். எல்லாக் கொட்டகையிலும் ஓடித் தேய்ந்து, கீறல் விழுந்து, இனி எவரும் வேண்டாம் என்று தள்ளிவிட்ட படங்கள்தான் எங்களிடம் வரும். அவற்றிலே ஒரு சாதி, பொம்மை கொலை செய்கிற படங்கள். அந்த நாளில் தமிழ்நாட்டில் ஏதோவொரு சந்துக்குள் இருந்து யாரோ சிலர் அவற்றை எடுத்துத் தள்ளிக்கொண்டிருந்திருக்கவேண்டும். கதை எப்போதும் ஒன்றுதான். பொம்மலாட்டக்காரன் ஒருவனைப் பெரிய வீட்டுக்காரன் அநியாயமாகக் கொன்றுவிடுவான். அவனுடைய ஆவி அவன் ஆட்டிய மரப்பொம்மைக்குள் புகுந்து அந்த வீட்டார் ஒவ்வொருவரையும் தீர்த்துக் கட்டும். எனக்குத் தெரிய எல்லாப் படத்திலும் அதே பொம்மைதான். ஒன்றில் குடுமி, இன்னொன்றில் தலைப்பாகை. காசில்லாதவன் எடுத்த படம் என்பதால் பொம்மை நடந்தால் கயிறு பளிச்சென்று தெரியும். ஒரு தடவை கயிற்றை ஆட்டுகிறவனுடைய கால்கூடத் திரையின் மூலையில் தெரிந்தது, மடித்துக் கட்டிய சாரத்தோடு.

நாங்கள் கொண்டு திரிந்த படத்துக்கு இன்னொரு குறையும் இருந்தது. கடைசிச் சுருள் இல்லை. பெட்டி வந்து, கடைசித் தகரத்தைத் திறந்து மெஷினில் ஏற்றிய பிறகுதான் தெரிந்தது, அதற்குள் இருந்தது வேறு ஏதோ படத்தின் கலியாணக் காட்சி என்று. பொம்மை கத்தியோடு சின்ன மகளின் அறைக்குள் போகும், கதவு சாத்தப்படும், உடனே மேளம் கொட்டும். முன்பின் தெரியாத ஒரு மாப்பிள்ளை மாலையும் கழுத்துமாக மணவறையில் இருப்பான். அந்த நடிகர் நடிப்பதைவிட இருப்பதிலேதான் கெட்டிக்காரர். கழுத்து திரும்பாது, கண் இமைக்காது. தாலி கட்டுவார், எல்லாரும் பூப் போடுவார்கள், வணக்கம் என்று எழுத்து வரும். முதலாளியிடம் போய்ச் சொன்னோம். கலியாணத்தோடு முடிந்தால் சனம் சந்தோசமாகப் போகும், அப்படியே ஓட்டு என்றார்.

வவுனியாவில் சனம் சந்தோசமாகத்தான் போனது. கயிற்றைக் கண்டதும் சிரித்தார்கள், மேளம் கேட்டதும் எழும்பி நின்று கை தட்டினார்கள். அங்கிருந்து லொறி காட்டுப் பாதையில் ஒரு குடியேற்றத் திட்டத்துக்குப் போனது. அந்த இடத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். அவர்களுடைய பிள்ளைகள் இன்னும் அங்கே இருக்கிறார்கள், அவர்கள்மேல் எனக்குக் கோபமும் இல்லை. குளத்தைக் கட்டி, காட்டை வெட்டி, யாழ்ப்பாணத்தில் காணியில்லாத குடும்பங்களைக் கொண்டுவந்து இருத்திய இடம் அது. புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் தண்ணீர் இறைத்துப் பழகிய கைகள், நெல்லையும் காட்டையும் ஒரே நேரத்தில் படித்துக்கொண்டிருந்தன. பகலில் கிளி, இருட்டினால் பன்றி, நினைத்தால் யானை. தை மாதம், கதிர் பால் பிடித்து நின்ற நேரம். வயலுக்கு வயல் வெருளி நின்றது.

வெருளி என்றால் உங்களுக்குத் தெரிந்ததுதான், வைக்கோல் திணித்த ஆள் உருவம். ஆனால் இவர்களுடைய வெருளியில் ஒரு விசேசம். வயல்காரன் தான் போட்டு வியர்த்த சேட்டைத் தோய்க்காமல் அப்படியே கழற்றி அதற்கு மாட்டுவான். கிளிக்குக் கண், பன்றிக்கு மூக்கு. மனித வேர்வை மணந்தால் பன்றி வரம்பில் நின்று யோசிக்கும், தோய்த்த சேட்டென்றால் நேரே வந்து வைக்கோலையும் சேர்த்துத் தின்னும் என்பார்கள். வேர்வை காய்ந்தால் வயல்காரன் இன்னொரு சேட்டில் உழைத்து அதை மாட்டுவான். நான் கேட்டுச் சிரித்தேன். சிரிக்க என்ன இருந்தது என்று இப்போது தெரியவில்லை.

படம் அன்று பொழுதுபட்டதும் தொடங்கியது. வவுனியாவில் சிரித்த இடத்தில் இங்கே ஒரு சத்தமும் இல்லை. கயிறு தெரிகிறது என்று நான்தான் முன்னால் இருந்தவர்களுக்குச் சொல்லிச் சிரிக்கப் பார்த்தேன். ஒரு பெண் திரும்பாமலே சொன்னாள்: "கயிறு தெரியுது தம்பி. பிடிக்கிற ஆளைத்தான் காணேல்லை."

அந்தப் படத்தை எடுத்தவனுக்கே அப்படி ஒரு பயங்கரம் தன் படத்தில் இருக்கிறது என்று தெரிந்திருக்காது. பிறகு கதவு சாத்தப்பட்டது, மேளம் கொட்டியது, மரம்போல் மாப்பிள்ளை வந்து இருந்தான். ஒருவரும் கை தட்டவில்லை. குழந்தைகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு சனம் வீட்டுக்குப் போனது. அவர்கள் விளங்கிக்கொண்ட கதை எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது: பொம்மை அந்தப் பெட்டையைக் கொல்லவில்லை, அவளுக்கு மாப்பிள்ளையாகிவிட்டது. மனித உருவம் எடுத்துக் குடும்பம் நடத்துகிறது. இமைக்காத கண்ணைப் பார்த்தாலே தெரியாதா?

நாங்கள் கூடாரத்தைக் கழற்றிக்கொண்டு ஒட்டுசுட்டானுக்குப் போய்விட்டோம். அங்கே கூடாரத்துக்கு முளை அறைந்துகொண்டிருந்தபோது ஒரு காலைப் பஸ்ஸில் அந்தப் பெண் வந்து இறங்கினாள். கயிற்றைப் பற்றிச் சொன்னவள்தான். பெயர் சிவக்கொழுந்து. முப்பது வயதுக்கு மேல் இராது. நான் அக்கா என்று கூப்பிட்டேன். தண்ணீர் கொடுத்தும் குடிக்கவில்லை. "தம்பி, அந்தக் கலியாணம் உந்தப் படத்திலை உள்ளதுதானோ?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன். அது வேறு படம், சுருள் மாறி வந்துவிட்டது என்றேன். அவள் அப்படியே மண்ணில் இருந்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் தண்ணீரைக் குடித்தாள்.

அவளுடைய புருசன் நாகலிங்கம் மார்கழி பிறந்த கையோடு யானை அடித்துச் செத்துப்போனவர். அன்று பின்னேரந்தான் வேலை முடிந்து வந்து, போட்டிருந்த சேட்டைக் கழற்றித் தன் கையாலேயே வெருளிக்கு மாட்டியிருக்கிறார். விடியக்காலை வாய்க்காலடிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. செத்த வீடு முடிந்து, வீட்டிலிருந்த அவருடைய உடுப்பையெல்லாம் முறைப்படி தோய்த்துக் கொடுக்கவேண்டியவர்களுக்குக் கொடுத்தாயிற்று. வயலில் நின்ற சேட்டை எல்லாரும் மறந்துபோனார்கள். அவள் மறக்கவில்லை. அவருடைய மணம் இந்த உலகத்தில் அந்த ஒரு சேட்டில்தான் மிச்சம் இருந்தது.

"உள்ளை வைச்சால் பயிர் போகும் தம்பி. வெளியிலை விட்டால் மணம் போகும்," என்றாள். இரண்டு சின்னப் பிள்ளைகள், பயிரையும் விட முடியாது. ஆகவே வானம் கறுத்தால் ஓடிப்போய்ச் சேட்டைக் கழற்றி வீட்டுக்குள் வைப்பாள். வெளித்தால் கொண்டுபோய் மறுபடி மாட்டுவாள். மாட்டும்போது கொஞ்ச நேரம் முகத்தைப் புதைத்துக்கொண்டு நிற்பாள். இதை யாரிடம் சொல்ல முடியும்? சொல்லவில்லை.

ஆனால் தூரத்தில் இருந்து பார்க்கிறவர்களுக்குக் கண் இருக்கிறதல்லவா. நாகலிங்கத்தின் சேட்டைப் போட்ட வெருளி ஒரு நாள் உடுப்போடு நிற்கிறது, ஒரு நாள் இல்லாமல் நிற்கிறது. கழற்றி மாட்டுகிற அவசரத்தில் ஒரு நாள் குளத்தைப் பார்க்கிறது, ஒரு நாள் வீட்டைப் பார்க்கிறது. அவள் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பதையும் கண்டிருக்கிறார்கள். முன்பென்றால் பாவம், மனம் குழம்பிவிட்டது என்று விட்டிருப்பார்கள். இப்போது எங்களுடைய படம் வந்து, மாப்பிள்ளையாகிப்போன பொம்மையைக் காட்டிவிட்டுப் போயிருந்தது. பக்கத்து வயல் செல்லத்துரையின் மகளுக்குக் காய்ச்சல் வேறு விட்டுவிட்டு அடித்தது. வெருளியை எரிக்கவேண்டும் என்று பேச்சு எழுந்துவிட்டது. அவள் எங்களிடம் கேட்டது ஒன்றுதான்: நீங்கள் வந்து, அந்தக் கலியாணம் வேறு படம் என்று அவர்களுக்குச் சொல்லவேண்டும்.

முதலாளியிடம் கேட்டால் விடமாட்டார். ஹனிபா நானா கேட்கவே இல்லை. கலியாணச் சுருள் இருந்த தகரத்தை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டார். அவளோடு நானும் ஏறினேன். வழியெல்லாம் எனக்கு ஒரே உற்சாகம். என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒலிபெருக்கி இல்லாமல் ஒரு நல்ல காரியத்துக்குப் பேசப் போகிறேன் என்ற நினைப்பு.

கூட்டுறவுச் சங்கக்கடை வாசலில் சனம் கூடியிருந்தது. ஹனிபா நானா சுருளை ஒரு பாகம் இழுத்து வெயிலுக்கு நேரே பிடித்துக் காட்டினார். இந்தப் பெட்டை வேறு, அந்தப் பெட்டை வேறு; இந்த வீடு வேறு, அந்த வீடு வேறு. ஒவ்வொருவராக வந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்கள். நல்ல சனம். பார்த்து ஒப்புக்கொண்டார்கள். செல்லத்துரை என் தோளில் தட்டி, பஸ் ஏறி வந்து சொன்னதற்கு நன்றி என்றார். நான் சிவக்கொழுந்து அக்காவைப் பார்த்தேன். அவள் முகத்தில் ஒரு சிரிப்புப்போல ஏதோ வந்தது.

அப்போதுதான் செல்லத்துரை கேட்டார். "அப்ப அந்தப் பொம்மைக்குக் கடைசியிலை என்ன நடந்தது?"

எங்களுக்குத் தெரியாது. அந்தச் சுருளை நாங்களும் பார்த்ததில்லை. ஹனிபா நானா, பாவம், பொய் சொல்லித் தெரியாத மனிதர், பொம்மையைக் கடைசியில் எரித்துவிடுகிறார்கள் என்று சொல்லிவிட்டார். எரிந்துவிட்டது என்றால் சனத்தின் பயமும் அதோடு எரிந்துவிடும் என்று நினைத்தார். சனம் ஆளையாள் பார்த்தது. அப்படியென்றால் இதையும் எரிப்பதுதான் முறை என்று ஒருவர் சொன்னார். மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

செல்லத்துரைக்கு மனம் கேட்கவில்லை. அவர் கெட்டவரென்றால் இந்தக் கதை எனக்கு இத்தனை வருசம் நெஞ்சில் கிடக்காது. புருசனை இழந்தவள், விளைந்த வயல், வெருளி இல்லாவிட்டால் கிளி விடாது, சேட்டும் நல்ல சேட்டு, எரிப்பது பாவம் என்றார். ஆவி பிடிக்கிறதென்றால் மனித வேர்வையில்தானே பிடிக்கும்? "மஞ்சளும் சவுக்காரமும் போட்டுத் தோய்ச்சால் காணும். நாங்களே தோய்ச்சுத் தாறம்."

சனம் முழுக்க அந்த யோசனையில் இளகிவிட்டது. நல்ல தீர்ப்பு. ஒருவருக்கும் நட்டமில்லை. செல்லத்துரையின் பெண்சாதி சவுக்காரம் எடுக்க ஓடினாள்.

சிவக்கொழுந்து அக்கா எழும்பி நின்றாள். "தோய்க்காதேங்கோ," என்றாள். "எரிச்சுவிடுங்கோ. எரிச்சால் அவரோடை போகும். தோய்க்காதேங்கோ."

அவள் வெருளியைக் காப்பாற்ற வந்தவள் என்று நினைத்தவர்களுக்கு இது விளங்கவில்லை. துக்கத்தில் பேசுகிறாள் என்று இரண்டு பெண்கள் அவளைப் பிடித்து இருத்தித் தலையைத் தடவினார்கள். எனக்குக் காரணம் தெரியும். சொல்ல எழும்பினேன். அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பிறகு ஊர் நடுவில் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, இன்னொரு தடவை அங்கே நின்றாலும் வராது. புருசனுடைய வேர்வையை மணந்துகொண்டு நிற்கிற பெண் என்று ஊர் அவளைப் பேசுவதைவிடச் சேட்டைத் தோய்ப்பதே மேல் என்றுதான் அவள் கண் சொல்லியது.

வாய்க்கால் கல்லில் வைத்து நன்றாகக் குத்தித் தோய்த்தார்கள். மூன்று நாலு பெண்கள், முறை மாறி மாறி, ஒரு நேர்த்திக்கடனை நிறைவேற்றுவதுபோல அக்கறையாக. மஞ்சள் தண்ணீரில் அலசினார்கள். பிழிந்து, உதறி, சுருக்கம் எடுத்து, வேலியில் விரித்துக் காயவிட்டு, காய்ந்ததும் மடித்துக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தார்கள். சேட்டு புதிதுபோல இருந்தது. அது நீல நிறம் என்பதே அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவள் அதை எடுத்து முகத்தில் வைத்தாள். பிறகு கீழே இறக்கி, மற்றப் பக்கத்தைத் திருப்பி, கக்கத்துத் தையலைத் தேடி அதையும் மணந்து பார்த்தாள். பார்த்துவிட்டு மடித்து வைத்தாள். அழவில்லை. அழுதிருந்தால் நாங்கள் பஸ்ஸில் கொஞ்சமாவது நிம்மதியாக வந்திருப்போம்.

ஒட்டுசுட்டானில் இறங்கும்போது ஹனிபா நானா கேட்டார். "எரியட்டும் எண்டு விட்டிருக்கலாமோ தம்பி?" எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது. எந்தப் பக்கம் கதவைத் திறந்தாலும் சுவர்தான் நின்றது.

வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குக் கூடாரம் அடித்தபோது அந்தத் திட்டத்து ஆட்கள் சிலரைக் கண்டேன். செல்லத்துரையின் மகளுக்குக் காய்ச்சல் மாறிவிட்டதாம். தோய்த்த சேட்டைப் போட்ட வெருளி நின்ற வயலில் பன்றி இறங்கி அறுவடைக்கு ஒன்றும் மிச்சம் வைக்கவில்லையாம். சிவக்கொழுந்து அக்கா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டோடு யாழ்ப்பாணம் போய்விட்டாவாம். அதை எல்லாரும் உண்மையான கவலையோடுதான் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு எது மிஞ்சியது என்று கேட்டால், நான் எதைச் சொல்வேன். கூடாரம் ஒரு மழைக்குக் கிழிந்து போனது. முதலாளி லொறியை விற்றார். நான் கடைசியில் ஓர் உத்தியோகம் பார்த்து, கலியாணம் கட்டி, எல்லாரையும்போல ஆனேன். ஹனிபா நானா முல்லைத்தீவில் சைக்கிள் திருத்துகிற கடை வைத்திருந்தார். சண்டைக் காலத்தில் முஸ்லிம் சனம் எல்லாரும் வெளியேறவேண்டி வந்த நாட்களில் அவரும் ஒரு பையோடு போனார். திரும்பி வந்தது அவருடைய மகன் மட்டும். கடை இருந்த இடத்தில் பற்றைக்காடு. அந்தக் குடியேற்றத் திட்டம் இரண்டு தடவை ஆளில்லாமல் கிடந்து, திரும்பவும் சனத்தைக் கண்டது. வாய்க்கால் கல் அங்கேயே கிடக்கிறதாம்.

சண்டையின் கடைசி இடப்பெயர்வில் என் மகன் எங்கள் கையை விட்டுப் போனான். அவன் மனிசியின் வயிற்றில் அப்போது இந்தப் பேத்தி. எங்கே, எப்படி என்று கேட்காதீர்கள், நாங்கள் கேட்காத இடமில்லை. முகாமுக்கு வந்து பையைப் பிரித்தால் அதற்குள் அவன் கழற்றிப் போட்ட சேட்டு ஒன்று. தண்ணீர் வண்டி முதல் முதல் வந்த அன்றைக்கு நான் சாப்பாட்டு வரிசையில் நின்றேன். திரும்பி வந்தபோது என் மனிசி இருந்த உடுப்பையெல்லாம் தோய்த்து முள்ளுக்கம்பியில் விரித்திருந்தாள். அவனுடையதும் தண்ணீர் சொட்டிக்கொண்டு தொங்கியது. "வந்தால் போடுறதுக்கு வேணுமெல்லோ," என்றாள். நான் அவளுக்கு ஒன்றும் சொல்லவில்லை. அவள் கண்ணை மூடும்வரைக்கும் சொல்லவில்லை.

அந்தச் சேட்டு அலுமாரியில் இருக்கிறது. போன கிழமை நகம் துடைத்து முடிந்ததும் பேத்தி போய் அதை எடுத்துக்கொண்டு வந்தாள். சில நாளில் அப்படி எடுப்பாள். முகத்தில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, நெடுநேரம் மணந்தாள்.

"அப்பா இப்பிடித்தானோ மணக்கிறவர், அப்பப்பா?"

ஓம் என்றேன்.